கடத்தல்காரனுக்கு ஒரு முன்கதை

1977இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் ஹான் சோலோ திரைக்கு வருவதற்குள் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஓடிவிடுகிறது. மோஸ் ஐஸ்லி என்ற துறைமுக ஊரின் மதுக்கூடத்தில் உட்கார்ந்து பேரம் பேசுகிறான். அவனைப் பற்றி நமக்குக் கிடைக்கும் தகவல் மிகக் கொஞ்சம். ஜப்பா என்ற பெரும் கடத்தல் முதலாளிக்குக் கடன்பட்டவன். பேரரசின் கப்பல்கள் நெருங்கியபோது சரக்கை வெளியே கொட்டியதால் வந்த கடன் அது. கெசல் ஓட்டத்தை 12 பார்செக்குக்குள் முடித்த கப்பல் தன்னுடையது என்று மார்தட்டுகிறான். பக்கத்தில் ஏழடிக்கும் உயரமாக, உடம்பெல்லாம் ரோமமாக சூபாக்கா நிற்கிறான். அவனுடைய உறுமல் நமக்குப் புரியாது, ஹானுக்குப் புரியும். 1980இல் வந்த அடுத்த படத்திலிருந்து, மில்லேனியம் ஃபால்கன் என்ற அந்தக் கப்பல் ஒரு காலத்தில் அவன் பழைய நண்பன் லாண்டோவுடையது, ஹானிடம் அவன் அதைத் தோற்றான் என்று தெரிந்துகொள்கிறோம். பெற்றோர் யார், எப்படி வளர்ந்தான், யாரால் ஏமாற்றப்பட்டு இப்படி ஆனான் என்பதையெல்லாம் அந்தப் படங்கள் சொல்வதில்லை.

இருபது ஆண்டுகள் கழித்து ஏ. சி. கிறிஸ்பின் என்ற அமெரிக்க எழுத்தாளர் அந்த இடைவெளியை மூன்று நாவல்களில் நிரப்பினார். ‘தி பாரடைஸ் ஸ்நேர்’, ‘தி ஹட் கேம்பிட்’ இரண்டும் 1997இலும் ‘ரெபல் டான்’ 1998இலும் வெளிவந்தன. முதல் நாவல் தொடங்கும்போது ஹானுக்குப் பத்தொன்பது வயது. மூன்றாவது முடியும்போது அவன் அதே மதுக்கூடத்தின் வாசலுக்கு வந்துவிடுகிறான். இடையில் ஏறக்குறைய பத்து ஆண்டு வாழ்க்கை. இந்த நாவல்களைப் பற்றி வாசகர்கள் அன்றிலிருந்து வாதிட்டு வருகிறார்கள். அந்த வாதங்களைக் கூர்ந்து பார்த்தால், முடிவு முன்பே தெரிந்த ஒரு கதையிடம் வாசகர் எதைக் கேட்கிறார் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

நம் வார இதழ்த் தொடர்கதைகளின் தலையில் ‘முன்கதைச் சுருக்கம்’ என்று நாலு வரி இருக்கும். போன வாரத்தைத் தவறவிட்டவர் அதைப் படித்துவிட்டு இந்த வாரத்துக்குள் நுழைவார். முன்கதை நாவலுக்கு இருக்கும் பெரிய ஆபத்து, அது முந்நூறு பக்கத்துக்கு நீண்ட முன்கதைச் சுருக்கமாக ஆகிவிடுவதுதான். கப்பல் எப்படிக் கிடைத்தது, தோழன் எப்படிக் கிடைத்தான், கடன் எப்படி வந்தது என்று ஒவ்வொரு வெற்றிடத்தையும் நிரப்பிக்கொண்டே போகலாம். நிரப்பி முடித்தபின் வாசகர் கையில் மிஞ்சுவது ஒரு பட்டியலாக இருக்கக்கூடும்.

வாசகர்களில் ஒரு சாராரின் முதல் மனக்குறையே இதுதான். ஹானின் ஈர்ப்பு அவன் மர்மத்தில் இருக்கிறது, அதைத் திறந்து காட்டினால் ஆள் சிறுத்துப்போவான் என்கிறார்கள். இந்தக் குறை எளிதில் தள்ளிவிடக்கூடியது இல்லை. கெசல் ஓட்டத்தையே எடுத்துக்கொள்வோம். பார்செக் என்பது தூரத்தின் அளவு. ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு. வேகத்தைப் பற்றிப் பெருமையடிக்கும் இடத்தில் தூரத்தின் அளவைச் சொன்னால், அது அரைகுறையாகத் தெரிந்துகொண்டு அளக்கும் கதை என்றே படம் பார்க்கும்போது எடுத்துக்கொள்ளலாம். எதிரில் இருப்பவர்கள் விவரம் தெரியாத கிராமத்தார் என்று நினைத்து ஹான் அளந்துவிடுகிறான். பயணம் கேட்டு வந்த முதியவர் ஓபி-வானின் முகத்தில் நம்பிக்கை தெரிவதில்லை. அந்தக் காட்சியின் அழகு அங்கேதான் இருக்கிறது. பின்னால் வந்த நாவல்கள் இதற்கு விளக்கம் தேடின. கெசலை ஒட்டி ‘மா’ என்ற கருந்துளைக் கூட்டம் இருக்கிறது; அதன் விளிம்பை எவ்வளவு நெருங்கிப் போகிறோமோ அவ்வளவு தூரம் மிச்சமாகும்; ஆகவே தூரக் குறைவே துணிச்சலின் அளவு. கிறிஸ்பினும் ‘ரெபல் டா’னில் அந்த ஓட்டத்தை எழுதிக் காட்டுகிறார். விளக்கம் புத்திசாலித்தனமானது, கணக்கும் ஒத்துவருகிறது. ஆனால் அந்த விளக்கத்தோடு ஒரு பொய்யனை இழந்துவிடுகிறோம். அளந்து விட்ட கதை மெய்யாகிவிடும்போது, அளந்து விட்டவனின் குறும்பு போய்விடுகிறது. இந்த இடத்தில் நான் மனக்குறைக்காரர்களின் பக்கம்தான்.

மர்மத்தைக் காப்பாற்றும் வழியை கிறிஸ்பினுக்கு முன்பே ஒருவர் காட்டியிருந்தார். பிரையன் டேலி எழுதிய ‘ஹான் சோலோ அட் ஸ்டார்ஸ் எண்ட்’, ‘ஹான் சோலோஸ் ரிவெஞ்ச்’ இரண்டும் 1979இலும், ‘ஹான் சோலோ அண்ட் த லாஸ்ட் லெகஸி’ 1980இலும் வந்தன. முதல் படத்துக்குச் சற்று முந்தைய காலம். களம் பேரரசுக்கு வெகு தொலைவில், ஒரு பெருவணிகக் கூட்டமைப்பு ஆளும் விண்பகுதி. ஹானும் சூபாக்காவும் ஏற்கெனவே நண்பர்கள், கப்பல் ஏற்கெனவே கையில். டேலி எதையும் தொடக்கத்திலிருந்து சொல்லவில்லை. பொலக்ஸ் என்ற வயதான ரோபோவும், அதன் மார்புக்கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் புளூ மேக்ஸ் என்ற சிறு கணிப்பொறியும் பேசிக்கொள்வதைப் படித்தவர்கள் இன்றும் பிரியத்தோடு நினைவுகூர்கிறார்கள். காலண்ட்ரோ என்ற துப்பாக்கி வீரனுக்கு முன்னால் ஹான் உண்மையிலேயே அஞ்சுகிறான். வீரதீரக் கதைக்கு இதைவிட என்ன வேண்டும் என்பார் டேலியின் வாசகர். அவர் கேட்பது அந்த மனிதரோடு இன்னும் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும் என்பதுதான். பூர்வீகம் அவருக்குத் தேவைப்படவில்லை.

கிறிஸ்பினின் வாசகர் வேறு ஒன்றைக் கேட்கிறார். இவன் ஏன் யாரையும் நம்ப மறுக்கிறான்? ஒரு லட்சியத்துக்காக உயிரைக் கொடுப்பவர்களைக் கண்டால் இவனுக்கு ஏன் அவ்வளவு எரிச்சல்? சாகசம் எவ்வளவு சேர்ந்தாலும் இந்தக் கேள்விகளுக்குப் பதிலாகாது. ஒரு வாழ்க்கையை நாளாவட்டத்தில் பார்த்தால்தான் பதில் கிடைக்கும். டேலியின் மீது கிறிஸ்பினுக்கு இருந்த மரியாதை ‘ரெபல் டான்’ அமைப்பிலேயே தெரிகிறது. டேலியின் மூன்று சாகசங்கள் நடக்கும் காலத்தை அவர் தன் கதைக்குள் இடைவெளியாக ஒதுக்கிவைக்கிறார். முன்னவர் உழுத வயலில் கால் வைக்காமல் வரப்போடு நடந்து போகிறார். டேலி 1996 பிப்ரவரியில் காலமாகிவிட்டார். அவர் இடத்தை அப்படியே விட்டுவைத்த அந்தப் பண்பு என்னை எப்போதும் தொடுகிறது.

‘பாரடைஸ் ஸ்நேர்’ ஒரு பழைய கப்பலில் தொடங்குகிறது. காரிஸ் ஷ்ரைக் என்ற மோசடிக்காரன் அநாதைக் குழந்தைகளைச் சேர்த்துப் பிச்சையெடுக்கவும் திருடவும் பழக்குகிறான். அந்தக் கும்பலில் வளர்ந்தவன் ஹான். அங்கே அவனுக்குக் கிடைத்த ஒரே தாய்ப்பாசம் சமையலறையில் இருக்கும் டியூலானா என்ற, சூபாக்காவின் வூக்கி இனத்தைச் சேர்ந்த வயதான பெண்ணுடையது. அவனுக்கு ரொட்டி சுட்டுக் கொடுப்பவள் அவள். வூக்கி மொழியை அவனுக்குப் பழக்கியவளும் அவள்தான். தப்பியோடும் நாளில் அவனுக்கு வழி செய்து கொடுத்துவிட்டு அவள் உயிரை விடுகிறாள்.

சூபாக்காவின் உறுமல் ஹானுக்கு எப்படிப் புரிகிறது என்பது படம் விட்டுவைத்த வெற்றிடங்களில் ஒன்று. 2018இல் வந்த ‘சோலோ’ திரைப்படமும் அதைத் தொட்டது. அங்கே சேற்றுக் குழிக்குள் அடிவாங்கும்போது ஹான் தட்டுத்தடுமாறி வூக்கி மொழியில் பேசுகிறான். அரங்கில் சிரிப்பு வரவைக்கும் காட்சி அது. நாவலில் அந்த மொழி ஒரு சமையற்காரியின் குரல். பின்னால் அவன் சூபாக்காவின் பேச்சைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் செத்துப்போன ஒருத்தியின் மொழியைத்தான் கேட்கிறான். கிறிஸ்பின் இதை எங்கும் அழுத்திச் சொல்வதில்லை. படித்தபின் நாமே உணர்ந்துகொள்கிறோம். ‘ஹட் கேம்பி’ட்டில் அடிமைப்பட்ட ஒரு வூக்கியைக் காப்பாற்றப் போய், பாடுபட்டுச் சேர்ந்த பேரரசுப் படையின் அதிகாரி வேலையை ஹான் இழக்கிறான். அந்த வூக்கிதான் சூபாக்கா. உயிர்க்கடன் என்று சொல்லி சூபாக்கா அவனைப் பின்தொடர்கிறான். டியூலானாவுக்குத் தான் பட்ட கடனை அடைக்கவே ஹான் அன்று குறுக்கே பாய்ந்தான் என்பது நமக்குத் தெரியும். கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனாலும் ஆள் சிறுக்கவில்லை, பெருத்திருக்கிறான். எல்லா விளக்கமும் மர்மத்தைக் கொல்வதில்லை. கெசல் விளக்கம் ஒரு கணக்கைச் சரிசெய்கிறது. டியூலானா விளக்கம் ஒரு காயத்தைக் காட்டுகிறது. இந்த வேறுபாட்டை வாசகர் பெயர் சொல்லாமலே உணர்கிறார். ஒரே நாவலில் ஒரு இடத்தைப் புகழ்ந்து இன்னொரு இடத்தைக் கண்டு முகம் சுளிப்பதற்குக் காரணம் இதுதான்.

ஷ்ரைக்கிடமிருந்து தப்பும் ஹான் ஒளிந்துகொள்வது ரோபோக்கள் ஓட்டும் சரக்குக் கப்பலில். ஆள் இல்லாத கப்பல், ஆகவே உள்ளே காற்றும் இல்லை. விண்ணுடையில் இருக்கும் காற்றுதான் அவன் ஆயுள். அது பயணத்துக்குப் போதாது என்று நடுவழியில் தெரிகிறது. கப்பலை வேகமாக ஓட்டச் சொல்லி ஒரு ஆர்2 ரோபோவிடம் கெஞ்சுகிறான், வாதாடுகிறான், துப்பாக்கியை நீட்டி மிரட்டுகிறான். அவன் சாக மாட்டான் என்பது வாசகருக்கு நன்றாகத் தெரியும். 1983 வரை மூன்று படங்களில் அவன் உயிரோடு இருப்பதைப் பார்த்துவிட்டுத்தானே புத்தகத்தைத் திறந்திருக்கிறோம். அப்படியும் மூச்சு இறுகுகிறது. பிழைப்பானா என்ற கேள்வி இங்கே இல்லை. எப்படிப்பட்டவனாகப் பிழைக்கிறான் என்பதைத்தான் பார்க்கிறோம். ஒரு ரோபோவிடம் பேசிப் பேசியே காரியம் சாதிக்கும் பையன், பின்னால் எவரிடமும் பேசிச் சமாளிக்கும் ஆளாக வளரப் போகிறான் என்பது அந்த ஒரு காட்சியில் தெரிந்துவிடுகிறது.

கப்பல் போய்ச் சேரும் இடம் இலீசியா. மூன்று நாவல்களிலும் கிறிஸ்பினின் உண்மையான கண்டுபிடிப்பு இந்த ஊர்தான் என்பது என் கணிப்பு. வெளியே பார்த்தால் ஆன்மிகத் தலம். வாழ்க்கையில் சலித்தவர்கள் சொத்தை எழுதிக் கொடுத்துவிட்டு யாத்திரிகர்களாக வந்து சேர்கிறார்கள். ஒவ்வொரு மாலையும் பூசாரிகள் அவர்களுக்கு ஒரு பேரின்ப நிலையை அளிக்கிறார்கள். பகல் முழுக்க யாத்திரிகர்கள் தொழிற்சாலையில் ஸ்பைஸ் என்ற போதைப்பொருளைப் பதப்படுத்துகிறார்கள், கூலி இல்லாமல். பேரின்பம் என்பது அந்தப் பூசாரி இனத்தின் ஆண்கள் பெண்களை ஈர்க்க எழுப்பும் அதிர்வு, அவ்வளவுதான். மனித மூளையில் அது போதையாக இறங்குகிறது. பின்னணியில் ஜப்பாவின் இனமான ஹட் முதலாளிகள் இருக்கிறார்கள். வேலி அதிகம் தேவைப்படாத அடிமைப் பண்ணை அது. ஓடிப்போக யாருக்கும் மனம் வருவதில்லை.

ஹான் அங்கே பொய்ப்பெயரில் விமானியாக வேலைக்குச் சேர்கிறான். தொழிற்சாலையைச் சுற்றிக் காட்ட ஒரு பெண்ணை அனுப்புகிறார்கள். வெளிச்சம் பட்டால் கிளிட்டர்ஸ்டிம் என்ற சரக்கு கெட்டுப்போகும் என்பதால் எல்லா வேலையும் இருட்டில்தான். அவளுக்குப் பெயர் கிடையாது, யாத்திரிகை 921 என்ற எண் மட்டும். அவளுடைய பெயரைக் கேட்டு வாங்குவதுதான் ஹான் செய்யும் முதல் நல்ல காரியம். பிரியா தாரென். தமிழில் எழுதும்போது நமக்குப் பழகிய பெயராகவே ஆகிவிடுகிறது. பிரியாதவள் என்றும் அதற்கு ஒரு பொருள் வந்து சேர்கிறது. கதை நெடுக அவள் பிரிந்துகொண்டே இருக்கிறாள் என்பதை நினைக்கும்போது அந்தப் பெயர் நெஞ்சில் தைக்கிறது.

இலீசியாவை எழுதிய கை எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். ‘ரெபல் டான்’ வெளிவந்த அதே 1998இல், கிறிஸ்பின் இன்னொரு எழுத்தாளரான விக்டோரியா ஸ்ட்ராஸுடன் சேர்ந்து ‘ரைட்டர் பிவேர்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். புத்தகம் போட்டுத் தருகிறேன், பதிப்பாளரைப் பிடித்துத் தருகிறேன் என்று புது எழுத்தாளர்களிடம் பணம் பறிக்கும் போலி முகவர்களை அம்பலப்படுத்துவது அதன் வேலை. 2013 செப்டம்பரில் இறக்கும்வரை அந்தப் பணியில் இருந்தார். ஏமாறுகிறவர்கள் முட்டாள்கள் இல்லை, ஆசை உள்ளவர்கள். ஆசைதான் பூட்டு, சாவி ஏமாற்றுகிறவன் கையில். இது அந்த வேலையைச் செய்கிறவருக்கு அன்றாடம் தெரியவருவது. இலீசியாவிலிருந்து மீட்கப்பட்ட பிரியா, கெட்ட கனவிலிருந்து விழித்தவள்போல ஆகிவிடுவதில்லை. மாலை ஆனால் உடம்பு அந்தப் பேரின்பத்தைக் கேட்கிறது. அதை வெல்லும்வரை உனக்குப் பாரமாக இருக்க மாட்டேன் என்று ஹானை விட்டுப் போகிறாள். காதல் பகுதி நீளம் என்று குறைப்படும் வாசகர்கள் உண்டு. எனக்கு அது காதல் பகுதியாகவே படவில்லை. ஒரு பெண் தன்னை மீட்டெடுக்கும் கதை, நாயகனின் கதைக்குள் மறைந்து ஓடுகிறது.

இனி, பலரும் சொல்லும் இரண்டாவது குறை. அண்டம் இவ்வளவு பெரிது, ஆனால் இந்த நாவல்களில் எல்லாரும் எல்லாரையும் சந்திக்கிறார்கள். தலைக்கு விலை வைக்கப்பட்ட ஹானைத் தேடி போபா ஃபெட் என்ற கூலி வேட்டைக்காரன் வருகிறான். அந்தத் தருணத்தில் லாண்டோ வந்து சேர்கிறான். ஜப்பா, அவனுடைய உறவுக்கார ஹட்கள், வேறு நாவல்களில் வந்த, ஹானின் உறவினன் திராக்கன் என்று தெரிந்த முகங்கள் வரிசையாக நிற்கின்றன. தெருமுனைக் கடையில் ஊரே கூடியதுபோல இருக்கிறது. இந்தக் குறை நியாயமானது. ‘ஹட் கேம்பி’ட்டின் நடுப்பகுதி இதனாலேயே தொய்கிறது. ஹட் குடும்பங்களின் உள்சண்டைகளைப் படிக்கும்போது ஹான் எங்கே போனான் என்று தேட வேண்டியிருக்கிறது. ஆனால் அதே சந்திப்புகளில் ஒன்று மிக நன்றாக அமைந்திருக்கிறது. மேக நகரத்தில் நடக்கும் சபாக் சீட்டாட்டப் போட்டியின் கடைசிச் சுற்றில் லாண்டோ, தன் கப்பல் கொட்டகையில் உள்ள எந்தக் கப்பலையும் எடுத்துக்கொள்ளலாம் என்று பத்திரம் வைத்து ஆடுகிறான். தோற்கிறான். விற்பனைக்கு நிற்கும் கப்பல்களில் ஒன்றைத்தான் ஹான் எடுப்பான் என்று நினைத்தவனுக்கு முன்னால், ஹான் கை நீட்டிக் காட்டுவது லாண்டோவின் சொந்தக் கப்பலான ஃபால்கனை. முடிவு நமக்குத் தெரியும். லாண்டோவின் முகம் மாறுவது தெரியாது. நட்பில் விழுந்த அந்தச் சிறு கீறல், படத்தில் இருவரும் மறுபடி சந்திக்கும் காட்சியின் கசப்பை விளக்கும் அளவுக்கு உண்மையாக இருக்கிறது.

2014 ஏப்ரலில் இந்த நாவல்களின் நிலை மாறியது. டிஸ்னி நிறுவனம் 2012இல் லூக்காஸ்ஃபிலிமை வாங்கியபின், புதிய படங்களுக்கு இடம் வேண்டி, அதுவரை வந்த நாவல்கள் எல்லாம் ‘லெஜண்ட்ஸ்’ என்ற தனி வரிசைக்கு மாற்றப்பட்டன. புராணம் என்று வைத்துக்கொள்ளுங்கள், வரலாறாகக் கொள்ள வேண்டாம் என்று அதற்குப் பொருள். வாசகர்களில் பலர் கொதித்தார்கள். பதினேழு ஆண்டுகளாக மனதில் வாழ்ந்த பிரியா ஒரு அறிவிப்பில் இல்லாதவளாகிவிட்டாள் என்ற வலி அது. அந்த வலியை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் படித்த கதை யாருடைய அறிவிப்பாலும் படிக்காததாக ஆவதில்லை.

அந்தக் காலியிடத்தில் 2018 மே 25 அன்று, முதல் படம் வெளியான அதே தேதியில், ‘சோலோ’ வந்தது. படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே இயக்குநர்கள் இருவரும் நீக்கப்பட்டு ரான் ஹோவர்ட் பொறுப்பேற்ற படம். உலக அளவில் சுமார் 39 கோடி டாலர் வசூலித்தும், அதன் செலவுக்கு அது போதவில்லை. நாவலைப் படித்தவர்களுக்குப் படத்தின் எலும்புக்கூடு பழகியதாகவே இருந்தது. குழந்தைகளைத் திருடப் பழக்கும் கும்பல், பேரரசுப் படை, அங்கிருந்து வெளியேறுதல், சூபாக்கா, அடிமைகள், கடைசியில் விட்டுப்போகும் பெண். பிரியா இருந்த இடத்தில் கீரா இருக்கிறாள். எந்த இடத்தில் ஒப்பீடு நாவலுக்குச் சாதகமாகிறது என்று பார்த்தால், விடை காலத்தில் இருக்கிறது. படத்தில் துப்பாக்கி, தோழன், கப்பல், கெசல் ஓட்டம் எல்லாம் அடுத்தடுத்து வந்து குவிகின்றன. உறவுக்காரர் யாரும் இல்லை என்றதும் படைக்கு ஆள் சேர்க்கும் அதிகாரி ‘சோலோ’ என்று எழுதிக்கொள்ளும் காட்சியைப் பலரும் பொறுத்துக்கொள்ளவில்லை. நாவலில் அந்தக் குடும்பப் பெயரை டியூலானாதான் அவனுக்குச் சொல்கிறாள். ஒருவருக்குப் பெயர் எப்படி வந்தது என்பது யார் வாயிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. தாய்போல இருந்தவள் ரகசியமாகக் காத்துவைத்திருந்து கொடுத்த பெயருக்கும், அவசரத்தில் படிவத்தில் எழுதப்பட்ட பெயருக்கும் உள்ள தூரம் பெரிது.

1997க்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. ‘பாரடைஸ் ஸ்நேர்’ வெளியான அதே ஆண்டு ஜனவரி இறுதியில், முதல் படத்தின் சிறப்புப் பதிப்பு திரையரங்குகளுக்கு வந்தது. பழைய படத்தில் மதுக்கூட மேசைக்கு அடியில் ஹான் துப்பாக்கியை மெல்ல உருவி, தன்னைக் கொல்ல வந்த கிரீடோவைச் சுட்டுவிடுவான். சிறப்புப் பதிப்பில் கிரீடோ முதலில் சுடுகிறான், குறி தவறுகிறது, பிறகே ஹான் சுடுகிறான். ஒரு நொடி மாற்றம்தான். ஹான் குளிர்ந்த ரத்தத்தோடு கொன்றவன் என்ற பழி வரக்கூடாது என்ற நோக்கம் அதில் இருந்தது. ரசிகர்கள் இன்றுவரை அதை ஏற்கவில்லை. 2004இலும் 2019இலும் அந்த நொடி மறுபடி மறுபடி திருத்தப்பட்டது.

ஒரே ஆண்டில் ஹானின் நல்ல தன்மையைப் பற்றி இரண்டு பதில்கள் வந்திருக்கின்றன. படம் அவன் செய்த ஒன்றைத் துடைத்து அவனை நல்லவனாக்கப் பார்த்தது. கிறிஸ்பின் எதையும் துடைக்கவில்லை. அவருடைய ஹான் திருடுகிறான், பொய் சொல்கிறான், கொல்கிறான். இலீசியாவின் தலைமைப் பூசாரி சேர்த்துவைத்த கலைப்பொருள்களைக் கொள்ளையடிக்கிறான். ஆனால் ஒரு கோடு இருக்கிறது. அடிமைச் சரக்கை ஏற்ற மாட்டான். சமையலறையில் ஒருத்தி செத்ததிலிருந்தும் இருட்டில் ஒருத்தி எண்ணாக நின்றதிலிருந்தும் வந்த கோடு அது. கிறிஸ்பின் 2011இல் ‘பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்’ படங்களின் ஜாக் ஸ்பாரோவுக்கும் முன்கதை எழுதினார், ‘தி பிரைஸ் ஆஃப் ஃப்ரீடம்’ என்ற பெயரில். அங்கும் ஜாக்கின் வாழ்க்கையைத் திருப்புவது அடிமைகளை ஏற்றிய கப்பல்தான். ஊர் கொண்டாடும் இரண்டு போக்கிரிகள், இரண்டு முன்கதைகள், ஒரே கோடு. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. சட்டத்தை மதிக்காதவனை வாசகர் எந்த இடத்தில் நம்பத் தொடங்குகிறார் என்று கிறிஸ்பினுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தக் கோட்டின் மீதே ‘ரெபல் டா’னின் கடைசிப் பகுதி நடக்கிறது. பிரியா இப்போது பேரரசை எதிர்க்கும் கிளர்ச்சிப் படையின் தளபதி. இலீசியாவைத் தாக்கி அடிமைகளை விடுவிக்கக் கடத்தல்காரர்களின் உதவியைக் கேட்கிறாள், கொள்ளையில் பங்கு தருவதாக வாக்களிக்கிறாள். ஹான் தன் நண்பர்களைக் கூட்டி வருகிறான். வெற்றிக்குப் பிறகு பிரியா ஸ்பைஸ் முழுவதையும் கிளர்ச்சிப் படைக்கே எடுத்துக்கொள்கிறாள், துப்பாக்கி முனையில். ஆயுதம் வாங்கப் பணம் வேண்டும் என்பது அவள் நியாயம். நண்பர்கள், ஹானும் உடந்தை என்று நம்பி அவனைத் தள்ளிவைக்கிறார்கள். லாண்டோவும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். இந்த இடத்தில் வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவதுண்டு. பிரியா செய்தது துரோகம் என்கிறது ஒரு கட்சி. அவளுக்கு வேறு வழியில்லை என்கிறது இன்னொன்று. நான் எத்தனை முறை படித்தாலும் ஹானின் பக்கம் நின்று கோபப்படுகிறேன், பிறகு அவள் பக்கம் நின்று அமைதியாகிறேன். ஒரு லட்சியத்துக்காக நேசித்தவனையே ஏமாற்றியவளைப் பார்த்த ஒருவன், அடுத்து எவர் லட்சியம் பேசினாலும் பணம் எவ்வளவு என்று மட்டும்தானே கேட்பான்?

அதன்பின் பிரியாவும் அவள் படைப்பிரிவும் டோப்ராவா என்ற கோளில் ஒரு தகவல் நிலையத்தைக் கைப்பற்றுகிறார்கள். பேரரசின் டெத் ஸ்டார் ஆயுதத்தின் வரைபடங்களைக் கிளர்ச்சியாளர்களுக்கு ஒலிபரப்பி முடிக்கும்வரை அந்த இடத்தை விடக்கூடாது என்பது கட்டளை. விடவில்லை. ஒருவரும் மிஞ்சவில்லை. 2016இல் வந்த ‘ரோக் ஒன்’ திரைப்படம் அதே வரைபடங்களுக்காக வேறு மனிதர்கள் வேறொரு கோளில் மடிவதைக் காட்டியது. நாவலை முதலில் படித்தவர்கள் அரங்கில் உட்கார்ந்து இன்னொருத்தியை நினைத்திருப்பார்கள்.

டாட்டூயின் பாலைவனத்தில், மோஸ் ஐஸ்லியில், ஹான் கடன் தலைக்கு மேல் இருக்க நிற்கிறான். ஒரு முதியவரும் ஒரு பையனும் ஆல்டெரான் என்ற கோளுக்குப் பயணம் கேட்கிறார்கள் என்று சூபாக்கா சொல்கிறான். அந்தப் பையனோடு வரும் ரோபோவின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று ஹானுக்குத் தெரியாது. இந்த நாவல்களைப் படித்தபின் 1977இன் படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். ஹான் கட்டணம் பேசுகிறான். மூலையில் அந்த ரோபோ, ஆர்2-டி2, இல்லை, உள்ளே விடமாட்டேன் என்று மதுக்கூடக்காரர் ரோபோக்களை வெளியே நிறுத்திவிட்டார். பிரியா உயிரைக் கொடுத்து அனுப்பிய வரைபடங்கள் தெருவில், வெயிலில், சுவருக்கு அந்தப் பக்கம் காத்திருக்கின்றன. ஹான் பதினேழாயிரத்துக்குப் பேரம் முடித்துவிட்டுச் சூபாக்காவைப் பார்த்துச் சிரிக்கிறான்.